தொன்மையும் விருந்தும்: ஜப்பானிய மரக்கைவினையின் மறுவாழ்வு

செய்யுளுக்குரிய எண்வகை வனப்புகளைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பியர், தொன்மை, விருந்து என்னும் இரண்டனையும் ஒரே வரிசையில் வைக்கிறார். பழமையைத் தழுவி வருவது ஒரு வனப்பு. புதுவதாகப் புனையப்படுவது மற்றொரு வனப்பு. ஒன்று மற்றொன்றை விலக்குவதில்லை என்பதை அவ்வரிசையே உணர்த்துகிறது எனலாம். பழமைக்கும் புதுமைக்கும் இடையேயான வழக்கு சொல்லை ஆள்வோர்க்கு மட்டும் உரியதன்று; உளியை ஆள்வோர்க்கும் அது உண்டு. ஜப்பான் நாட்டின் மரக்கைவினை வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் தழைத்த ஒரு தொழில், இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் நலிவுற்றது. புத்தாக்க வடிவமைப்பின் துணையால் அதன் சில கிளைகள் மீண்டும் துளிர்த்தன, சில கிளைகள் வேறு வழியில் பிழைத்தன, சில பட்டுப்போயின. எது பிழைத்தது, எவ்வாறு பிழைத்தது என்னும் வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காடு தந்த கல்வி

ஜப்பானின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காடாகும். நிலநடுக்கம் ஓயாத அந்நாட்டில், கல்லைக் காட்டிலும் மரமே மக்களின் நம்பிக்கைக்கு உரியதாயிற்று. வெட்டப்பட்ட பின்னும் மரம் அசைந்துகொண்டே இருக்கும் பொருள். ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். ஆணியை மட்டும் நம்பி அதனை அடக்கிவிட இயலாது. ஆகவே, ஒரு சட்டத்தில் கழுந்து செதுக்கி, மற்றொன்றில் அதற்கேற்பத் துளை வெட்டி, ஆப்பு வைத்து இறுக்கும் பொருத்துமுறையே அந்நாட்டுத் தச்சின் உயிராக வளர்ந்தது. இத்தகைய பொருத்துகள் நூற்றுக்கணக்கில் வழங்கிவந்தன. நிலம் நடுங்கும்போது அவை சற்றே நெகிழ்ந்து, அதிர்ச்சியைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும்.

நாரா மாநிலத்தின் ஹோர்யூஜி விகாரம் இம்முறையின் பெருஞ்சான்று. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சார்ந்த அதன் கட்டடங்கள், உலகில் இன்றும் நிற்கும் மரக்கட்டடங்களுள் மிகப் பழையனவாகக் கருதப்படுகின்றன. அவ்விகாரத்தின் தலைமைத் தச்சர் மரபில் வந்த நிஷியோகா ட்சுனெகாசு (1908–1995), 20-ஆம் நூற்றாண்டில் அதன் பெரும் பழுதுபார்ப்புப் பணியில் ஈடுபட்டார். பின்னர் யகுஷிஜி விகாரத்தின் பொன்மண்டபத்தை 1976-இலும், மேற்குக் கோபுரத்தை 1981-இலும் பண்டை முறையைப் பின்பற்றி மீண்டும் எழுப்பினார். முன்னோர் வாய்மொழியாக விட்டுச்சென்ற விதிகளை அவர் விடாது போற்றினார். மரத்தை வாங்காது மலையை வாங்குக என்பது அவ்விதிகளுள் ஒன்றன் சாரம். மலையின் தென்சரிவில் வளர்ந்த மரத்தைக் கட்டடத்தின் தென்புறத்திலும், வடசரிவில் வளர்ந்ததை வடபுறத்திலும் நிறுத்துக என்பது மற்றொன்று. காற்றும் வெயிலும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு முறுக்கைத் தந்திருக்கும். அதனை அறிந்து ஒன்றற்கு எதிராக மற்றொன்றை இணைப்பதே தச்சின் நுட்பம் என்பது அவர் கொண்ட கொள்கை. பழைய தூண்களில் எஞ்சியிருந்த செதுக்குத் தடங்களைக் கொண்டு, வழக்கொழிந்து போயிருந்த ஈட்டி வடிவ இழைப்புக் கருவியையும் அவர் மீண்டும் அடிக்கச் செய்தார். கருவி வந்து சேர்ந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அதனைப் பிடிக்கும் பாங்கை முயன்று முயன்று அவர் தம் கைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

தொழிலறிவு நாட்டுச் செல்வமாகவே மதிக்கப்பட்டது என்பதற்கு ஹிதா மலைநாடு சான்று பகரும். 8-ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பு, அவ்வட்டார மக்களுக்குச் சில வரிகளை நீக்கி, அவற்றுக்கு ஈடாகத் தலைநகர்ப் பணிகளுக்குத் தச்சரை அனுப்புமாறு பணித்தது. நெல்லும் துணியும் தர இயலாத மலைமக்கள், கைத்திறனையே வரியாகச் செலுத்தினர்.

ஈசே திருத்தலத்தின் வழக்கமும் ஈண்டு நினைக்கத்தக்கது. 690-இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் மரபின்படி, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்குள்ள கோயில்கள் அடுத்துள்ள வெற்றிடத்தில் புதிதாகக் கட்டப்படுகின்றன. உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூறாண்டுக்கும் மேலாகத் தடைப்பட்டுப் பின்னர்த் தொடர்ந்த இவ்வழக்கத்தின் 62-ஆவது புதுப்பிப்பு 2013-இல் நிகழ்ந்தது. இருபது வயதில் பயிலுநராக வந்தவர் நாற்பதில் பொறுப்பேற்பார்; அறுபதில் அருகிருந்து வழிகாட்டுவார். அங்குள்ள மரம் புதியது, வடிவம் பழையது. இடையறாது காக்கப்படுவது, கட்டுவோரின் கைப்பழக்கம். பின்வரும் வரலாறு முழுவதையும் அளந்தறிய இதுவே ஏற்ற அளவுகோலாகும்.

நலிவின் வேர்கள்

1868-இல் மீஜி ஆட்சி தொடங்கியதும் ஜப்பான் மேலை நாட்டு முறைகளை விரைந்து ஏற்றது. 1876-இல் பொது இடங்களில் வாள் தரிப்பது தடை செய்யப்பட்டது. வாட்கொல்லர் பலர் தொழிலிழந்தனர். அவர்களுள் சிலர் உளியும் இழைப்புளி அலகும் அடிக்கத் தொடங்கினர். வாட்கொல்லர் மரபில் பயின்ற சியோசுரு கோரேஹிதே (1874–1957) அடித்த அலகுகள் தச்சர்களிடையே பெரும்புகழ் பெற்றன. மெல்லிரும்பையும் வல்லெஃகையும் ஒன்றாகக் காய்ச்சி இணைக்கும் பழைய நுட்பமே புதிய பயனைத் தேடிக்கொண்டது. வடிவம் மாறித் தொழில் பிழைத்ததற்கு அந்நாட்டுக் கைவினை வரலாறு தரும் முன்னுதாரணங்களுள் இது குறிப்பிடத்தக்கது.

உண்மையான நலிவு இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே நேர்ந்தது. அதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, காட்டின் மாற்றம். போரில் எரிந்த நகரங்களை எழுப்பப் பெருமளவு மரம் வெட்டப்பட்டது. வெட்டிய மலைகளில் சுகி, ஹினோகி என்னும் ஊசியிலை மரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டன. அவை முற்றுவதற்குள், 1964-இல் மர இறக்குமதி தளர்த்தப்பட்டது. வெளிநாட்டு மரம் மலிவாக வந்து குவிந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி, நாட்டின் மரத்தேவையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட உள்நாட்டுக் காடு நிறைவு செய்யவில்லை. நட்ட மரங்கள் வெட்டுவாரின்றி நின்றன.

இரண்டாவது, வாழ்க்கையின் மாற்றம். ஆக்கிய சோற்றை இட்டுவைக்கும் மரத்தொட்டி ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. மிகை ஈரத்தை மரம் உறிஞ்சிக்கொள்வதால் சோறு நொசநொசக்காது. 1955-இல் தானே நின்றுகொள்ளும் மின்சாரச் சோறாக்கி விற்பனைக்கு வந்தது. குளியல் தொட்டியும் வாளியும் பிளாஸ்டிக்குக்கு மாறின. ஒரு கலத்தின் பயன் மறையும்போது, அதனைச் செய்யும் தொழிலும் உடன் மறைகிறது.

மூன்றாவது, எந்திரத்தின் வரவு. வீடு கட்டும் தச்சர் தம் கையால் வெட்டிய கழுந்தும் துளையும் தொழிற்சாலையிலேயே எந்திரத்தால் வெட்டப்பட்டு வரலாயின. இன்று மரபுவழிச் சட்டக அமைப்பில் கட்டப்படும் புதிய வீடுகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை இம்முறையையே மேற்கொள்கின்றன. மக்கட்டொகைக் கணக்கெடுப்பின்படி 1980-இல் ஏறத்தாழ 9 லட்சத்து 37 ஆயிரமாக இருந்த தச்சர் எண்ணிக்கை, 2020-இல் 3 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. மரபுக் கைவினைப் பொருள்கள் அனைத்தையும் சேர்த்து நோக்கினாலும் இதே நிலைதான். 1980-களில் ஏறத்தாழ 54,000 கோடி யென் மதிப்பை எட்டிய அவற்றின் உற்பத்தி, 2016-இல் 10,000 கோடி யென்னுக்கும் கீழே சரிந்தது.

காப்பாற்றும் முயற்சிகள்

நலிவை முன்னுணர்ந்து எழுந்த முதற்குரல்களுள் யனாகி சோயெட்சுவின் (1889–1961) குரல் தலையாயது. மட்கலைஞர்களாகிய ஹமாதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ ஆகியோருடன் சேர்ந்து, மக்கள் கைவினை என்னும் பொருள்பட 'மிங்கே' என்ற சொல்லை 1925-இல் அவர் உருவாக்கினார். பெயர் பொறிக்காத கைவினைஞர் அன்றாடப் பயன்பாட்டுக்கெனச் செய்யும் எளிய கலங்களிலேயே மெய்யழகு உறைகிறது என்பது அவர் கோட்பாடு. 1936-இல் டோக்கியோவில் நாட்டுக் கைவினை அருங்காட்சியகத்தை அவர் நிறுவினார்.

அரசும் சட்டத்தின் துணையை நாடியது. 1950-இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் அதன்வழி, அரிய கைத்திறனை உடையோர் மக்கள் வழக்கில் 'வாழும் தேசியச் செல்வங்கள்' எனப் போற்றப்படலாயினர். மர வேலைப்பாட்டில் அச்சிறப்பை முதலில் பெற்றவர், 1970-இல் ஏற்பளிக்கப்பட்ட குரோதா தத்சுஅகி (1904–1982) ஆவார். 1974-இல் மரபுக் கைவினைத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அன்றாட வாழ்வில் பயன்படுவது, பெரும்பாலும் கையால் செய்யப்படுவது, மரபான நுட்பத்தையும் மூலப்பொருளையும் கொண்டது, ஒரு வட்டாரத்தில் பலர் கூடிச் செய்வது ஆகிய தகுதிகளை உடைய கைவினைகள் இதன்கீழ் ஏற்பளிக்கப்படுகின்றன. அவ்வாறு ஏற்பளிக்கப்பட்டவை இன்று 240-க்கும் மேற்பட்டவை.

இம்முயற்சிகள் பெரும்பயன் விளைத்தன என்பதில் ஐயமில்லை. எனினும் அவற்றுக்கு ஓர் எல்லையும் உண்டு. அருங்காட்சியகம் கலத்தைக் காக்கும். விருது கலைஞரைக் காக்கும். சட்டம் பெயரைக் காக்கும். அக்கலத்தை நாள்தோறும் கையிலெடுக்கும் ஒருவரை இம்மூன்றனுள் எதுவும் உண்டாக்கித் தர இயலாது. சட்டம் முதலில் வேண்டும் தகுதி அன்றாடப் பயன்பாடு என்பதும், மறைந்துகொண்டிருந்தது அப்பயன்பாடே என்பதும் நோக்கத்தக்கவை. இவ்விடத்திலேதான் வடிவமைப்பாளரின் வரவு பொருள்பெறுகிறது.

விருந்தினர் கண்ட மரபு

கைவினையையும் புதிய தொழில்முறையையும் இணைக்கும் நோக்கில், 1928-இல் செந்தாய் நகரில் தேசியத் தொழிற்கலை ஆய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி ஜப்பானை அடைந்த கட்டடக் கலைஞர் புரூனோ டௌட் அங்குச் சிலகாலம் அறிவுரைஞராகப் பணியாற்றினார். பின்னர் தகசாகி நகரில் தங்கி, 1936 வரை அவ்வூர்க் கைவினைஞருடன் சேர்ந்து மரத்தாலும் மூங்கிலாலும் புதிய பொருள்களை வடிவமைத்தார். ஏற்றுமதிக்கெனச் செய்யப்பட்ட மேலைநாட்டுப் போலிகளை அவர் வன்மையாகக் கண்டித்தார்.

1940-இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஷார்லொத் பெரியாந் அரசின் அழைப்பை ஏற்று வந்தார். எஃகுக் குழாய்களால் சாய்விருக்கை படைத்துப் புகழ்பெற்றிருந்த அவர், நாடு முழுவதும் சுற்றிக் கைவினைக் கூடங்களைக் கண்டார். 1941-இல் தகாஷிமாயா விற்பனை மாளிகையில் நடைபெற்ற அவரது கண்காட்சியில் அச்சாய்விருக்கை மூங்கில் வடிவில் இடம்பெற்றது. வெளியிலிருந்து வந்த பொருளைப் போலச் செய்யாமல், உள்ளூர்ப் பொருளின் இயல்பைப் புதிய தேவைக்கு வளைப்பது எவ்வாறு என்பதை அவ்விருக்கை விளக்கிக் காட்டியது.

அப்பயணங்களில் பெரியாந்துக்குத் துணையாகச் சென்ற இளைஞர், சோயெட்சுவின் மகனாகிய யனாகி சோரி (1915–2011). தந்தை பழங்கலங்களைத் தேடித் தொகுத்தார். மகன் புதியன படைக்கும் துறையைத் தேர்ந்தார். அவரது 'வண்ணத்துப்பூச்சி முக்காலி' இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். பெயர் முக்காலி எனினும் அதற்குத் தனிக் கால்கள் இல்லை. மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி வளைத்த, ஒரே வடிவுடைய இரண்டு பகுதிகள் ஒன்றையொன்று நோக்கி நிற்க, நடுவே ஒரு பித்தளைக் கம்பி அவற்றை இணைக்கிறது. பொருள் புதியது, உத்தி புதியது. ஆயினும் அதன் மேல்நோக்கிய வளைவைக் காண்போர்க்குக் கோயிற் கூரைகள் நினைவுக்கு வருகின்றன. ஜப்பானியர் மரபாகத் தரையில் அமர்பவர். நாற்காலி அவர்களுக்கு வந்தேறிய பொருள். வந்தேறிய பொருளுக்கு நாட்டு முகம் தந்ததே அதன் வெற்றி எனலாம். 1957-இல் மிலான் திரிஎன்னாலே கண்காட்சியில் அது பொற்பதக்கம் பெற்றது.

அதனைச் செய்தளித்தவர் யார் என்பது இன்னும் முதன்மையானது. யமகாதா மாநிலத்தின் தெந்தோ நகரில், தச்சரும் கதவு, சன்னல் செய்வோரும் 1940-இல் ஒரு சங்கமாகக் கூடினர். போர்க்காலத்தில் வெடிபொருட் பெட்டிகளையும், எதிரியை ஏய்க்கும் மரத்தாலான பொய் விமானங்களையும் அவர்கள் செய்தனர். போர் முடிந்தபின் வேலையின்றி நின்ற அக்கைகள், 1947-இல் வாங்கிய உயர் அதிர்வெண் வெப்பக் கருவியின் துணையால் ஒட்டுப்பலகையை வளைக்கும் உத்தியைக் கற்றன. சங்கம் தெந்தோ மொக்கோ என்னும் நிறுவனமாக வளர்ந்தது. 1956-இல் முக்காலி விற்பனைக்கு வந்தது. செந்தாய் ஆய்வு நிலையத்தின் தொழில்நுட்ப அறிவும் இம்முயற்சிக்குத் துணைநின்றது. ஆய்வு நிலையம், விருந்தினர், ஊர்த் தச்சர், இளம் வடிவமைப்பாளர் ஆகிய நான்கு ஓடைகளும் ஓரிடத்தில் கூடியதன் விளைவே அம்முக்காலி.

புதுச்சேரியைத் தொட்ட பாதை

இவ்வரலாற்றின் ஒரு கிளை தமிழ்நிலத்தையும் தொட்டுச் செல்கிறது. ஜப்பானியப் பெற்றோர்க்கு அமெரிக்காவில் 1905-இல் பிறந்த ஜார்ஜ் நகாஷிமா, டோக்கியோவில் அந்தோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞரிடம் பணியாற்றினார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கென ரேமண்ட் வடிவமைத்த 'கோல்கொண்டா' விடுதியின் கட்டுமானத்தை மேற்பார்க்க அவர் அனுப்பப்பட்டார். கம்பிக் காரையாலான அக்கட்டடம், புதுச்சேரியின் வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் ஏற்ப, திறந்து மூடும் நீண்ட பலகணித் தகடுகளையும் தேக்குக் கதவுகளையும் கொண்டது. ஆசிரம அன்பர்களே உழைத்து எழுப்பிய அப்பணி நகாஷிமாவின் உள்ளத்தை மாற்றியது. அவர் ஆசிரமத்தின் சீடரானார், சுந்தரானந்தா என்னும் பெயர் பெற்றார், 1939-இல் விடைபெற்றார்.

1942-இல் அமெரிக்க அரசு ஜப்பானிய மரபினரை முகாம்களில் அடைத்தபோது, நகாஷிமாவும் குடும்பத்தோடு ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கு ஜப்பானில் முறையாகத் தச்சுப் பயின்ற ஹிகோகவா கென்தாரோ என்பவரைச் சந்தித்தார். பெரிய கட்டடங்களை எழுப்பிய பட்டதாரி, முள்வேலிக்குள் ஒரு தச்சரிடம் உளியையும் வாளையும் பிடிக்கக் கற்றார். கிடைத்தவை கழிவுப் பலகைகளும் பாலைவனத்துச் செடிக்கட்டைகளுமே. 1943-இல் ரேமண்டின் உதவியால் விடுதலை பெற்று, பென்சில்வேனியாவில் தம் பட்டறையை நிறுவினார். மரத்தின் வெடிப்பை மறைக்காமல், வண்ணத்துப்பூச்சி வடிவ மர ஆப்பை அதன் குறுக்கே பதித்து, பிளவையே அழகாக்கிய அவர் மேசைகள் உலகப்புகழ் பெற்றன. அவ்வாப்பு ஜப்பானியத் தச்சர் நெடுங்காலமாக அறிந்த ஒன்றே.

அக்கலை மீண்டும் தாய்நாட்டுக்கே வந்து சேர்ந்தது. 1964 முதல் ஷிகோகு தீவின் தகமாட்சு நகரக் கைவினைஞரோடு நகாஷிமா இணைந்து செயற்பட்டார். அங்குள்ள பட்டறை அவர் வடிவங்களைச் செய்துவந்தது. 1990-இல் அவர் மறைந்தார். 2008-இல் அவர் நினைவாக அந்நகரில் ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. முகாமில் ஒரு தச்சர் கற்பித்த பாடம், கடல் கடந்து சென்று, மீண்டும் தச்சர்களுக்கே வேலையாகத் திரும்பியதை ஈண்டுக் காண்கிறோம்.

அண்மைக் கால முயற்சிகள்

கடந்த கால் நூற்றாண்டில் நிகழ்ந்தவற்றுள் சிலவற்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளலாம்.

கணு உள்ள பலகையைத் தளவாடச் செய்வோர் ஒதுக்குவது வழக்கம். 1920-இல் தகயாமாவில் தொடங்கிய ஹிதா சாங்யோ நிறுவனம், 2001-இல் கணுக்களை மறைக்காமல் முன்னிறுத்தும் தளவாட வரிசையை வெளியிட்டு வரவேற்பைப் பெற்றது. அடுத்து, வெட்டுவாரின்றி நின்ற சுகி மரத்தின்பால் அதன் பார்வை சென்றது. சுகி மென்மையானது, நாற்காலிக் காலுக்கு ஆகாதது. வெப்பமும் அழுத்தமும் கொடுத்து அதனை இறுகச் செய்யும் உத்தியை நிறுவனம் கையாண்டது. இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி (1932–2020) அம்மரத்துக்கென வடிவமைத்த தளவாடங்கள் 2005-இல் மிலானில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரு காட்டின் சிக்கலுக்கு ஒரு நாற்காலி விடை தேடியது என்னும் வகையில் இம்முயற்சி தனிச்சிறப்புடையது.

அதே ஹிதா வட்டாரத்தில் 'சிதோரி' என்றொரு பழைய விளையாட்டுப் பொருள் உண்டு. நடுவே வெட்டு விழுந்த குச்சிகளைக் கோத்து, இறுதிக் குச்சியைச் சற்றுத் திருப்பினால் அனைத்தும் பூட்டிக்கொள்ளும். பசையோ ஆணியோ வேண்டா. கட்டடக் கலைஞர் குமா கெங்கோ 2007-இல் அதனைப் பெரிதாக்கி மிலானில் ஒரு பந்தலாக நிறுத்தினார். 2010-இல் ஐச்சி மாநிலத்தின் கசுகாய் நகரில், ஆறு சென்டிமீட்டர்ச் சதுரமுடைய சட்டங்களால் அதே பூட்டுமுறையில் ஓர் ஆய்வு அருங்காட்சியகத்தை எழுப்பினார். குழந்தையின் கையிலிருந்த பொருத்து, கட்டடத்தைத் தாங்கலாயிற்று.

கியோட்டோவின் மரத்தொட்டித் தொழில் மற்றொரு சான்று. நககவா கியோத்சுகு 2001-இல் வாழும் தேசியச் செல்வமாக ஏற்பளிக்கப்பட்டார். அவர் மகன் நககவா ஷூஜி தொட்டிகளை வாங்குவார் அருகிய காலத்தில் தொழிலை ஏற்றார். மரத்தொட்டி வட்டமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: சுற்றிக் கட்டிய உலோக வளையம் எல்லாப் பலகைகளையும் சமமாக அழுத்த வேண்டும். அவ்வட்டத்தை மீறி, இருமுனையும் கூரிய இலைவடிவத் தொட்டி ஒன்றை ஷூஜி உருவாக்கினார். வளையத்தின் அழுத்தம் எங்கும் ஒன்றாக இராத அவ்வடிவத்தில், ஒவ்வொரு பலகையின் விளிம்பையும் வெவ்வேறு கோணத்தில் இழைக்க வேண்டியிருந்தது. 2010-இல் டாம் பெரின்யோன் என்னும் பிரெஞ்சு ஷாம்பெயின் நிறுவனம் அதனைக் குளிர்கலமாக ஏற்றது. 2012-இல் கியோட்டோ கைவினைக் குடும்பங்களின் இளந்தலைமுறையினர் சிலர் 'கோ ஆன்' என்னும் குழுவாக இணைந்தனர். ஷூஜியும் அவர்களுள் ஒருவர். டென்மார்க்கு வடிவமைப்பாளருடன் சேர்ந்து அவர் செய்த தொட்டிமுறை இருக்கை, இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

வடிவமைப்பின் எல்லைகள்

இவற்றைக் கொண்டு, புத்தாக்க வடிவமைப்பே எல்லா நோய்க்கும் மருந்து என முடிவுகட்டுதல் பொருந்தாது. சோற்றுத் தொட்டி எல்லார் வீட்டிலும் இருந்தது. ஷாம்பெயின் குளிர்கலம் சிலர் வீட்டுக்கே உரியது. பெயரற்றோரின் எளிய கலங்களைப் போற்றிய யனாகி சோயெட்சுவின் கோட்பாட்டோடு ஒப்பிட்டால், இன்றைய மறுவாழ்வு பெயர்களாலேயே நடைபெறுகிறது என்பது புலனாகும். வடிவமைப்பாளர் பெயர் முன்னே நிற்க, இழைத்தவர் பெயர் பின்னே மறைவதும் உண்டு. மேலும், மூலப்பொருள் அற்றுப்போனால் எந்த வடிவமும் உதவாது. அகிதா மாநிலத்தின் ஓதாதே நகரில், சுகிப் பலகையை வெந்நீரில் பதப்படுத்தி வளைத்து உணவுப்பெட்டி செய்யும் தொழில் சிறந்திருந்தது. அதற்கு உயிரான இயற்கைக் காட்டுச் சுகியை அரசுக் காடுகளில் வெட்டுவது 2012 நிதியாண்டோடு நிறுத்தப்பட்டது. கைவினைஞர் நட்டு வளர்த்த மரத்துக்கு மாறித் தம் கையை மீண்டும் பழக்கிக்கொள்ள வேண்டியவராயினர்.

வடிவம் சிறிதும் மாறாமல் பிழைத்த தொழிலும் உண்டு என்பது வியப்புக்குரியது. சோயாச்சாறு ஊறவைக்கும் ஆளுயரத்தினும் பெரிய மரத்தொட்டிகள் நூறாண்டுக்கும் மேலாக உழைப்பவை. அவ்வளவு காலம் உழைப்பதே அத்தொழிலுக்குக் கேடாயிற்று. புதியது வேண்டுவோர் அருகினர். உலோகத் தொட்டிகள் பரவிய பின், மரத்தொட்டியில் ஊறும் சோயாச்சாறு நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ ஒரு விழுக்காடாகக் குறைந்தது. சகாய் நகரில் எஞ்சியிருந்த பெருந்தொட்டிப் பட்டறை, 2020 அளவில் பணியை நிறுத்துவதாகத் தெரிவித்தது. ஷோதோஷிமா தீவின் சோயாச்சாறு உற்பத்தியாளர் ஒருவர் 2012-இல் தம் ஊர்த் தச்சர் இருவருடன் அப்பட்டறைக்குச் சென்று தொழில் கற்றார். ஊர் திரும்பித் தாமே தொட்டி கட்டத் தொடங்கினார். பிறரையும் வரவழைத்துக் கற்பித்தார். பலகையின் நுண்துளைகளில் வாழும் நுண்ணுயிர்களே சுவையைத் தருவன என்பதால், மரத்தொட்டிக்குரிய பழைய பயன் இன்றும் மெய்யானதாகவே இருந்தது. அங்கு வேண்டப்பட்டவை கற்கும் கைகளே.

சிந்திக்கத்தக்கவை

இவ்வரலாறு தரும் முடிவைச் சுருங்கக் கூறலாம். பயன் மறைந்த இடத்தில் வடிவமைப்பு புதிய பயனைத் தேடித் தரவேண்டும். பயன் மறையாத இடத்தில் மாணவரைத் தேடித் தந்தாலே போதும். இரண்டிலும் காக்கப்பட வேண்டியது ஒன்றே: மரத்தின் முறுக்கையும் ஈரத்தையும் விரல்நுனியால் அறியும் அறிவு. அது நூலில் முழுமையாக எழுத இயலாதது. ஒரு தலைமுறை கைவிட்டால் மீட்பதற்கு அரியது. இலைவடிவத் தொட்டி சிறப்புடையதாவது அதன் தோற்றத்தால் மட்டுமன்று. அதனைச் செய்யப் பழைய தொட்டியைக் காட்டிலும் மிகுதியான கைத்திறம் வேண்டப்பட்டதாலும் ஆகும். தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கைத்திறத்தை விட்டுவிடும் புதுமை, அருங்காட்சியகம் செய்த அளவு நன்மையைக்கூடச் செய்யாது.

இவ்வுண்மையை உணர்ந்தே, மரக்கடைசலுக்குப் புகழ்பெற்ற யமனாகாவில் 1997-இல் இஷிகவா மாநில அரசு ஒரு பயிற்சி நிலையத்தைத் திறந்தது. குடும்ப வழியாக மட்டும் வந்த தொழிலை வெளியூரினரும் அங்குக் கற்கின்றனர். தம் கடைசல் உளிகளைத் தாமே அடித்துக்கொள்ளவும் பயில்கின்றனர். 2020-இல் யுனெஸ்கோ நிறுவனம் ஜப்பானின் மரக்கட்டடப் பாதுகாப்புக்குரிய 17 கைத்திறன்களை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, சிறப்பித்தது கட்டடங்களை அன்று. திறன்களையே என்பதும் குறிப்பிடத்தக்கது.

யாப்பைக் கற்றவரே யாப்பை நெகிழ்த்தவும் வல்லவர் என்பதைக் கவிஞர் அறிவர். வட்டத் தொட்டியைப் பல்லாண்டு இழைத்த கைக்கே வட்டத்தை மீறும் துணிவு வாய்த்தது. பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்துக்கும் இதில் கொள்ளத்தக்கது உண்டு. பழம்பாடல்களைப் பாதுகாப்பதும் புதுப்பாடல்களை வரவேற்பதும் இரு வேறு பணிகள் அல்ல. இரண்டையும் செய்ய வல்ல அடுத்த தலைமுறையைப் பயிற்றுவதே அவ்விரண்டின் அடிப்படை. ஈசேயின் அடுத்த புதுப்பிப்பு 2033-இல் வரவுள்ளது. அதற்குரிய மரங்களைத் தேர்ந்து வெட்டுவதற்கு முன்னைய சடங்குகள் 2025-இலேயே தொடங்கிவிட்டன. அன்று தூண் நிறுத்தப்போகும் இளைஞர் சிலர், இன்று எங்கோ ஒரு பட்டறையில் இழைப்புளியைத் தீட்டக் கற்றுக்கொண்டிருப்பர்.